கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்: ‘அம்மா’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுபவரா?

வெட்டாற்றங்கரை எழுதியது:

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில், கீழத்தஞ்சையின் நிலமற்ற குடும்பங்கள் நிலம் வாங்க வழிசெய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரைப் பற்றி ஒரு பக்க அறிமுகக் குறிப்பு கேட்டிருந்தார்கள். நான் எழுத உட்காரும் முன்பே வேறொருவர் எழுதிவைத்திருந்த வரைவைப் பார்வைக்குக் கொடுத்தார்கள். ‘அன்பே உருவான அன்னை’, ‘தியாகத் திருவிளக்கு’, ‘ஏழைகளின் தாய்’ என்று ஏழு வரிகளுக்குள் தாய்மை நான்கு இடங்களில் வந்திருந்தது. நிலம் ஒரே ஓர் இடத்தில் தலைகாட்டியது. வங்கி, வட்டி, பத்திரம், வழக்கு ஆகியவற்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று தொடங்கிய உறுத்தலைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன்.

அவர் 1926 ஜூன் 16 அன்று, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நிறைமாதக் கர்ப்பத்தோடும் தன் தாய் கூலி வேலைக்குப் போய்த் தீரவேண்டியிருந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். டி.வி.எஸ். குடும்பத்து மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் மதுரையில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில், அந்தச் சூழலில் பிறந்த ஒரு பெண் பட்டதாரி ஆவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அவர் விரும்பியிருந்தால் ஓர் ஆசிரியப் பணியில் அமர்ந்து ஓய்வூதியத்தோடு வாழ்ந்திருக்கலாம். வசதியான குடும்பத்தில் பிறந்து, 1930இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறிய ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். நாடு விடுதலை அடைந்த பிறகே திருமணம் என்று காத்திருந்தவர் ஜெகந்நாதன். நிலமுடையோரிடம் தானமாக நிலம் கேட்ட வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார்கள்.

இதுவரை சொன்னது எல்லா வாழ்த்துரைகளிலும் உண்டு. என் கவனம் இதற்குப் பிந்தைய காலத்தில்தான் நிற்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட பிறகு, இத்தம்பதியர் கீழத்தஞ்சைக்கு வந்து வேலையைத் தொடங்கினார்கள். தானமாகக் கேட்டால் இங்கே நிலம் கிடைக்காது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1981இல் லாஃப்டி என்ற உழுபவர் நில இயக்கத்தைத் தொடங்கும்போது அம்மையாருக்கு வயது 55. அரசு ஊழியர் என்றால் ஓய்வுக்கு நாள் எண்ணும் வயது அது. நிலம் விற்க மனமுள்ள மிராசுதாரையும் நிலமில்லாக் குடும்பங்களையும் எதிரெதிரே உட்காரவைத்து விலை பேசுவது, அந்த விலைக்கு வங்கியில் கடன் ஏற்பாடு செய்வது, சேர்ந்து உழைத்துக் கடனை அடைப்பது என்பதே அவர்கள் வகுத்த வழி. முதலில் வங்கிகள் முகம் கொடுக்கவில்லை. முத்திரைத்தாள் செலவு வேறு தலைக்கு மேல் நின்றது. அப்படியிருந்தும் 2007 வாக்கில் ஏறக்குறைய 13,000 ஏக்கர், ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், அதுவும் வீட்டுப் பெண்ணின் பெயரில்.

அன்பு மட்டும் இருந்தால் ஒரு வங்கி மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுவாரா? அவர் பேரம் பேசத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், எதிராளி எந்த வாரம் பணத்துக்குத் தவிப்பார் என்பது தெரிந்தவர். ‘அன்னை’ என்று சொல்லி அந்தத் திறமையை நாம் மூடிவைக்கிறோம் என்பது என் வாதம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

திண்டுக்கல் வாசகி எழுதியது:

வெட்டாற்றங்கரை ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால், ‘அம்மா’ என்ற சொல்லை ஏதோ குறைச்சலான சொல்லாகத் தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழத்தஞ்சைப் பெண்கள் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். மேடை அலங்காரத்துக்காக அழைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து உலைப்பானையை எட்டிப் பார்த்து, ‘இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லையா?’ என்று கேட்கும் உரிமையுள்ளவரை வேறு எப்படி அழைப்பார்கள்?

நான் கேட்க நினைப்பது வேறொன்று. ஊருக்கெல்லாம் தாய் என்று பாடுகிறவர்கள், அவருக்குச் சொந்தமாக இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைப் போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள். தாயும் தந்தையும் ஆண்டுக்கணக்கில் நடைப்பயணத்திலும் போராட்டத்திலும் இருக்க, அந்த மகனும் மகளும் படித்து, இருவருமே மருத்துவர்கள் ஆனார்கள். இது தானாக நடந்துவிடும் காரியமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள், காய்ச்சல் கண்ட இரவு, தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் என்று ஒரு தாயின் நாள்குறிப்பில் எத்தனை இருக்கும் என்பது இரண்டு பிள்ளைகளை வளர்த்த எனக்குத் தெரியும். நான் எங்கள் பகுதியில் 22 ஆண்டுகளாக முதியோருக்கு எழுத்துக் கற்பிக்கும் தன்னார்வப் பணியில் இருக்கிறேன். ‘பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று யாராவது என்னிடம் கேட்காத வாரம் இல்லை. என்னோடு சேர்ந்து கற்பிக்கும் ஆண்களிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஜெகந்நாதன் ஐயாவைப் பற்றிய எந்தக் கட்டுரையிலாவது ‘பாசமிகு தந்தை’ என்ற சொற்களைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே, ‘அன்னை’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டாம். அதன் பொருளை முழுதாகச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். பத்திரத்தைப் பெண் பெயரில் எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நிறைமாதத்தில் கூலிக்குப் போன ஒரு தாயைப் பார்த்த மகளுக்கு, நிலம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதைப் பொருளாதாரப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பதிவேடு எழுதியது:

நான் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் சார்பதிவாளர் அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இயக்கங்களைப் பற்றி எனக்குக் கருத்து ஏதும் கிடையாது. பத்திரம் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்தேன்.

கிரயப் பத்திரத்தில் ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’ என்று இரண்டு தரப்பு உண்டு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில், நன்செய் நிலப் பத்திரங்களில் ‘எழுதி வாங்குபவர்’ இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால், பெரும்பாலும் அது, ஒருவர் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டிய உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மனைவி பெயரிலோ மருமகள் பெயரிலோ எழுதப்பட்டதாக இருக்கும். அந்தப் பெண்மணி வில் வண்டியிலோ காரிலோ வந்து, வாசலோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தான் எந்தச் சர்வே எண்ணை வாங்கினோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

1980களில் ஒரு நாள் கூலிப் பெண்கள் முப்பது நாற்பது பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். விடியற்காலையிலேயே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுச்சோற்றைப் பிரிக்கக்கூட யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தால் முறை போய்விடும் என்ற பயம். பெருவிரல் ரேகை எடுக்கும் வேலை என்னுடையது. நடவுக் காலம். சேற்றிலேயே கிடந்த விரல்கள் வெடித்து, ரேகை மழுங்கிப் போயிருந்தது. மையைத் தடவி அழுத்தினால் தாளில் ஒரு கரிய பொட்டு விழுகிறதே தவிர கோடுகள் விழவில்லை. துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி அழுத்தி, ஒரே ஆளுக்கு மூன்று நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது. ஓர் அம்மாள் கையை இழுத்துக்கொண்டு, ‘ரேகை இல்லேன்னா நெலம் இல்லேன்னுடுவீங்களா சாமி?’ என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூட்டத்தை அழைத்துவந்த கதர்ப் புடவைப் பெண்மணி ஒருவர், ஒவ்வொரு பத்திரத்திலும் நான்கெல்லையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று நான் படிக்க, உரிய பெண் தலையாட்டிய பிறகே அடுத்த பத்திரம். அன்று வேலை முடிய இருட்டிவிட்டது. வந்தவர் கிருஷ்ணம்மாள் அம்மையாரா, அவர் இயக்கத்தைச் சேர்ந்த வேறொருவரா என்று நான் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால், வாங்குகிறவர் தன் நிலத்தின் நான்கு எல்லையையும் காதால் கேட்டு வாங்கிய பத்திரப்பதிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

செங்கொடி நாகை எழுதியது:

மூவரும் எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால், இந்த இழை போகிற போக்கில், கீழத்தஞ்சையில் 1968க்கு முன்னால் எதுவும் நடக்கவில்லை போல ஒரு தோற்றம் எழுகிறது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண்ணில், பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ். 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தத் திரட்சியின் விளைவு. வெண்மணியில் மக்கள் எரிக்கப்பட்டது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும்தான். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது இந்த மாவட்டம் என்ன உணர்ந்தது என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அம்மையாரின் நேர்மையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. என் கேள்வி அவருடைய வழியைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவனே, தான் உழைத்த நிலத்தைக் கடன் வாங்கி விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றால், அதில் நீதி எங்கே இருக்கிறது? உச்சவரம்புச் சட்டம் இருந்தது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால் மிராசுதார் கேட்ட விலையைக் கொடுக்காமலே நிலம் வந்திருக்கும். வட்டியையும் அசலையும் கூலிக்காரி கட்டினாள். விற்றவர் நகரத்தில் வீடு வாங்கினார். இதைப் புரட்சி என்று யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு ஆறுதல்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

தோழர் சொன்ன வரலாற்றில் ஒரு வரிகூட நான் மறுக்க மாட்டேன். முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். விட்டது என் பிழை.

ஆனால், ‘ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தால்’ என்று சொன்னீர்களே, அந்த ‘இருந்தால்’ எத்தனை ஆண்டுகள்? 1961ஆம் ஆண்டுச் சட்டம் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நிலம் அறக்கட்டளைகளுக்குள்ளும் பினாமிப் பெயர்களுக்குள்ளும் போய்ப் பதுங்கிவிட்டது. வலிவலத்தில் அம்மையாரும் கணவரும் அப்படிப்பட்ட நிலத்துக்காகத்தான் சத்தியாகிரகம் செய்தார்கள். அதாவது, அவர்கள் போராடவும் செய்தார்கள். பிறகுதான் விலை பேசினார்கள். வரும் தை மாதம் வீட்டில் நெல் இருக்குமா என்று கேட்கிற பெண்ணிடம், சட்டம் நடைமுறைக்கு வரும் வரை பொறுத்திரு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பதே என் ஊகம். வாசகி அக்கா சொன்னதுதான் சரியோ என்று இந்த இடத்தில் எனக்கே படுகிறது. ‘அம்மா’ என்ற சொல்லையும் பேரம் என்ற திறமையையும் நான் எதிரெதிரே நிறுத்தினேன். மாதக் கடைசியில் கடைக்காரரிடம் பேசி அரிசி வாங்கி வருகிற எந்தத் தாயைப் பார்த்திருந்தாலும் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

ஓர் ஏக்கர் என்றால் எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா. அதை வைத்துக்கொண்டு யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால், பண்ணை வீட்டு வாசலில் போய் நிற்காமல் ஒரு குடும்பம் கஞ்சி குடிக்கலாம்.

தரங்கம்பாடிக் காற்று எழுதியது:

நிலத்தை வாங்கிக் கொடுத்ததோடு அவர்கள் கதை நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் எங்கள் கடற்கரையில் இறால் பண்ணைகள் வரிசையாக வந்தன. கடல்நீரைக் குழாய் வைத்து இழுத்து வயலுக்கு நடுவே தேக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் எங்கள் தெருக் கிணற்று நீர் உப்புக் கரித்தது. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்த பெண்களில் என் தாயும் ஒருவர். ஏக்கர் கணக்கில் கைமாறிய நிலத்தில் கூலி வேலையும் போயிற்று. நாற்றுக்கட்டுக்குப் பத்துப் பேர் தேவைப்பட்ட இடத்தில் காவலுக்கு ஓர் ஆள் போதும் என்றானது.

அந்தப் பெண்களைத் திரட்டி ஊர் ஊராக நடந்தவர்கள் இத்தம்பதியர்தாம். அம்மையார் அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஐயா எண்பதைக் கடந்தவர். ஜெகந்நாதன் பெயரிலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வழிவழியாக நடக்கும் முறைகளைத் தவிர, இறால் பண்ணைத் தொழில் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். வேலையிழப்பவர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலியை இழப்பீடாகத் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. செய்தி கேட்டு எங்கள் தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள். பிறகு நடந்ததும் தெரிந்ததே. தீர்ப்பின் பிடி நடைமுறையில் நழுவியது. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தப் பிடியை அடியோடு தளர்த்தியது. சட்டம் பற்றித் தோழர் நாகை சொன்ன கோபம் எனக்கும் உண்டு.

2008இல் இருவருக்கும் சேர்த்து ஸ்வீடனின் வாழ்வாதார உரிமை விருது கிடைத்தது. மாற்று நோபல் என்று செய்தித்தாள்கள் எழுதுமே, அதுதான். 2020இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் அறிவித்தபோது அவருக்கு வயது 93. ஐயா 2013 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டிருந்தார்.

கீவளூர்ப் பேரன் எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. பழைய பதிவேடு ஐயா சொன்ன புளியமரத்தடியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாயிக்கு 1980களின் கடைசியில் அப்படி ஓர் ஏக்கர் கிடைத்தது. பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் தன் கூறைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். பெட்டிச் சாவி எப்போதும் இடுப்பில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சர்வே எண்ணும் உட்பிரிவும் மனப்பாடம். என் அப்பா சிங்கப்பூர் போவதற்கு முகவரிடம் கட்ட, அந்தப் பத்திரத்தை அடகு வைக்கக் கேட்டார். அப்பாயி மறுத்துவிட்டார். அப்பா பட்டினி கிடந்து பார்த்தார், வீட்டை விட்டுப் போய்த் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்தார், இரண்டு பொங்கலுக்கு ஊர் திரும்பவில்லை. ‘பெத்த பிள்ளையைவிட நிலம் பெரிசா?’ என்று ஊரில் பலர் அப்பாயியிடமே கேட்டார்கள். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அறுத்த நெல்லில் இரண்டு மூட்டையை அவித்துக் குத்தி, அரிசியாகவே திருப்பூருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அப்பா முதல் முறை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை அனுப்பவில்லை.

தானே பெற்ற மகனுக்கு இல்லை என்று சொன்ன அவர், ஊரில் பிரசவம் என்றால் நள்ளிரவிலும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு போவார். சுனாமி வந்த 2004 டிசம்பரில், நாகையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் சோறு வடித்த பெண்களில் ஒருவர். அந்த அரிசியிலும் கொஞ்சம் அந்த ஓர் ஏக்கர் அரிசி. இதற்கெல்லாம் பட்டம் ஏதும் கிடையாது. அவரிடம் ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது: கூட்டத்தின் நடுவில் கிருஷ்ணம்மாள் அம்மையார், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு அப்பாயியின் தோள். ‘அம்மாதான் நெலத்தைக் கொடுத்தாங்க’ என்று யாராவது சொன்னால், ‘கொடுக்கல. வாங்க வெச்சாங்க. கடனை நாந்தான் கட்டுனேன்’ என்று திருத்துவார். தோழர் நாகைக்காக இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அப்பாயி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். எனக்கு இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். பழைய பதிவேடு ஐயாவைத்தான் கேட்க வேண்டும். அப்பா பெயருக்கு மட்டும் மாற்றிவிட முடியுமா?

பழைய பதிவேடு எழுதியது:

தம்பி, முடியாது. நிலம் உங்கள் அப்பாயி பெயரிலேயே வாங்கப்பட்டது. உயில் எழுதிவைக்கவில்லை என்றால் மகனுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. உங்கள் தாத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் முதலில் வாங்குங்கள். அத்தைகள் இருவரும் மனமொப்பி விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அப்பா பெயருக்குத் தனிப்பட்டா கேட்கலாம். இல்லாவிட்டால் மூவர் பெயரிலும் கூட்டுப்பட்டா. மஞ்சள் பையில் இருக்கிற அந்தக் கிரயப் பத்திரம்தான் இனி உங்கள் குடும்பத்துக்குத் தாய்ப்பத்திரம். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். பழைய தாள் அந்தச் சூட்டைத் தாங்காது. நகல் வேண்டுமானால் பதிவு அலுவலகத்திலேயே சான்றிட்ட நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கீவளூர்ப் பேரன் எழுதியது:

நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெரிய அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது பெட்டிச் சாவியை எடுத்துவரச் சொன்னார். சாவி இத்தனை நாளும் அத்தையிடம்தான் இருந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அது தெரியாது.